இரண்டாங்கட்டை ஹோட்டலுக்கு விடலாமா? ஓர் அருங்காட்சியக நிர்வாகிக்குப் பதில்

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊரிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். 110 வருடத்து வீடு. பங்காளிகள் ஐவர் சேர்ந்து அறக்கட்டளை அமைத்து, வீட்டை அருங்காட்சியகமாக்கி ஐந்து வருடமாகிறது. மங்குச் சாமான்கள், ரவிவர்மா அச்சுப் படங்கள், பர்மாவிலிருந்து வந்த கணக்குப் பேரேடுகள், கொஞ்சம் ஓலைச்சுவடிகள் என்று பார்க்க நிறைய இருக்கிறது. நிர்வாகம் முழுவதும் இவர் பொறுப்பு.

வருடத்துக்கு 38,000 பேர் வருகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் 15,000 (டிக்கெட் 30 ரூபாய்), டூர் பேருந்தில் வருபவர்கள் 9,000 (250 ரூபாய்), குடும்பமாகக் காரில் வருபவர்கள் 14,000 (100 ரூபாய்). டிக்கெட் வருமானம் சுமார் 41 லட்சம், செலவு 50 லட்சம். துண்டு விழும் 9 லட்சத்தைப் பங்காளிகள்தான் கையிலிருந்து போட்டுவருகிறார்கள்.

இப்போது மூன்று யோசனைகள் மேசையில் இருக்கின்றன. ஒரு ஹோட்டல் நிறுவனம் இரண்டாங்கட்டு (வீட்டின் இரண்டாவது முற்றப் பகுதி) முழுவதையும் 9 வருடக் குத்தகைக்குக் கேட்கிறது. மாதம் 60,000 ரூபாய் வாடகை. வளாகத்தில் வேறு யாரும் உணவுப் பொருள் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அறங்காவலர்களில் ஒருவர், ‘நாமே 50 பேர் உட்காரும் உணவகம் போடுவோம். ஆளுக்கு 200 ரூபாய் என்றாலும் 76 லட்சம்’ என்கிறார். இன்னொருவர், பரணில் கிடக்கும் பித்தளைப் பாத்திரங்களையும் பழைய படங்களையும் வைத்துக் கடை போடச் சொல்கிறார். எது சரி, கடை விற்பனை 20 லட்சத்துக்குள் இருந்தால் ஜிஎஸ்டி வேண்டாம்தானே என்று கேட்டிருக்கிறார் வாசகி.

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குத்தகையில் கையெழுத்துப் போட வேண்டாம், 50 இருக்கை உணவகமும் வேண்டாம். உங்கள் வீட்டுக்குக் காசு தரப்போவது சாப்பாடு அல்ல, கடை. வந்தவர்கள் இன்னும் அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போவதற்குத்தான் சாப்பாடு. இந்த வரிசை மாறிப்போவதால்தான் அருங்காட்சியகங்களில் பாதிக் கணக்கு கெடுகிறது. ஏன் என்பதற்கு உங்கள் எண்களே சாட்சி.

அந்த 76 லட்சம்

38,000 பேரையும் 200 ரூபாயால் பெருக்குவது, ஊரில் எத்தனை தலை இருக்கிறது என்று எண்ணிச் சலூன் வருமானம் போடுவது போன்றது. பார்க்க வருபவர்கள் எல்லோரும் வாங்குவதில்லை. குடும்பத்தில் பணப்பையும் ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு வகைப் பார்வையாளருக்கும் தனித்தனியாக மூன்று எண்களைப் பெருக்க வேண்டும்: எத்தனை பேர், அதில் எத்தனை பங்கு வாங்குவார்கள், வாங்கினால் சராசரி பில் எவ்வளவு.

காரில் வரும் 14,000 பேர் என்பது மூன்றரைப் பேர் கொண்ட 4,000 குடும்பங்கள். பாதிக் குடும்பம் உட்கார்ந்து 280 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 5.6 லட்சம். பேருந்தில் வருபவர்களுக்கு மதிய உணவு வேறு இடத்தில் முன்பதிவாகியிருக்கும், உங்களிடம் சாப்பிட மாட்டார்கள். ஆனால் டூர் ஆபரேட்டரிடம் பேசி ‘காபியும் பலகாரமும் 120 ரூபாய்’ என்று முன்கூட்டியே சேர்க்கலாம். பாதிப் பேர் சேர்ந்தால் 5.4 லட்சம். பள்ளிப் பிள்ளைகள் கட்டுச்சோறு கொண்டுவருவார்கள். பத்தில் நால்வர் 25 ரூபாய்க்கு ஏதாவது வாங்கினால் ஒன்றரை லட்சம். மொத்தம் 12.5 லட்சம், வரி நீங்கலாக.

சரக்குக்கு 35 சதவீதம் போனால் 4.4 லட்சம். மூன்று பேர் சம்பளம் 5 லட்சம். கேஸ், மின்சாரம், பழுது, உடைசல் 1.2 லட்சம். கையில் நிற்பது 1.9 லட்சம். இதே விற்பனைக்கு 50 இருக்கையும் ஆறு சமையலாட்களும் வைத்தால் இரண்டாவது மாதமே சம்பளத்துக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கும்.

பாதி, பத்தில் நான்கு என்று நான் வைத்தவை தொடக்க மதிப்பீடுகள். உங்கள் வாசலில் இரண்டு வாரம் ஒருவரை உட்காரவைத்து, வகைவாரியாகக் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள், ‘டீ கிடைக்குமா’ என்று எத்தனை பேர் கேட்டார்கள் என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். அந்தத் தாள் எந்தத் திட்ட அறிக்கையைவிடவும் மேலானது.

60,000 ரூபாய் எங்கிருந்து வரும்?

வருடத்துக்கு 7.2 லட்சம் என்றதும் உங்களுக்கு நிம்மதி வந்திருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து யோசியுங்கள். உணவகத் தொழிலில் விற்பனையில் 10 முதல் 15 சதவீதத்துக்குமேல் வாடகை போனால் தாங்காது. 7.2 லட்சம் வாடகை கட்டுபவர் குறைந்தது 48 லட்சம், நிம்மதியாக நடத்த 72 லட்சம் விற்க வேண்டும். உங்கள் பார்வையாளர்களிடமிருந்து வரக்கூடியது 12.5 லட்சம். ஹோட்டல்காரர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். மீதி விற்பனை எங்கிருந்து வருமென்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்: கல்யாண வரவேற்பு, அறுபதாம் கல்யாணம், இரவு விருந்து, படப்பிடிப்பு. அதற்குத்தான் கட்டு முழுவதும் வேண்டும், 9 வருடம் வேண்டும். அவர்கள் கேட்பது உங்கள் பார்வையாளர்களை அல்ல, உங்கள் வளவை, அதாவது முற்றத்தையும் அதைச் சுற்றிய கூடத்தையும்.

நிகழ்ச்சிக்கு விடுவது பாவமில்லை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு 300 பேர், ஒலிபெருக்கி, பந்தல் கட்ட ஆணி, சுவடி அறைக்கு அடுத்த சுவரில் பந்திச் சமையல் என்பதெல்லாம் அந்த 60,000-க்குள் அடக்கம். அப்படி விடுவதானால் நீங்களே வருடத்தில் பத்து நாள் தனிக் கட்டணத்துக்கு விடுவது நல்லது.

இன்னொன்று. வாடகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ஒப்பந்தத்தில் ‘வரி தனி’ என்று எழுதாவிட்டால் 60,000-க்குள்தான் வரி என்று வாதம் வரும். அப்போது உங்களுக்கு நிற்பது மாதம் 50,847 ரூபாய், வருடத்துக்கு 6.1 லட்சம். ‘தனி’ என்று எழுதினாலும் எதிர்ப்பேரம் வரும். காரணம், 5 சதவீத வரியில் நடக்கும் உணவகத்துக்கு உள்ளீட்டு வரி (தொழிலுக்காக வாங்குபவற்றுக்குக் கட்டிய வரி) திரும்பக் கிடைக்காது. உங்களுக்குக் கட்டும் 18 சதவீதம் அவர்களுக்கு முழுச் செலவு.

‘வேறு யாரும் உணவுப் பொருள் விற்கக் கூடாது’ என்ற நிபந்தனையைத் தனியாக ஒருமுறை படியுங்கள். உங்கள் கடையில் ஒரு டப்பா தேங்குழல்கூட வைக்க முடியாது. செட்டிநாட்டு வீட்டுக் கடையில் பலகாரம் இல்லையென்றால் வேறென்ன இருக்கிறது?

நாங்களே நடத்த ஆள் இல்லை என்றால், உள்ளூர் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கோ சிறிய சமையல்காரருக்கோ உரிம ஒப்பந்தமாகக் கொடுங்கள், குத்தகையாக வேண்டாம். காகிதத்தின் தலைப்பில் ‘உரிமம்’ என்று போட்டால் மட்டும் போதாது. இடத்தின் முழுப் பிடியும் அவர்களிடம் போனால் நீதிமன்றம் அதைக் குத்தகையாகத்தான் பார்க்கும். ஆகவே சாவி உங்களிடம், நேரம் உங்களுடையது, இடத்தை மாற்றும் உரிமை உங்களுடையது என்று உள்ளே இருக்க வேண்டும். கட்டணம் விற்பனையில் 15 சதவீதம் அல்லது மாதம் 5,000, இதில் எது அதிகமோ அது. பில் போடும் இயந்திரம் அறக்கட்டளையுடையது. மின்சாரத்துக்குத் துணை மீட்டர். விலைப்பட்டியலுக்கு உங்கள் ஒப்புதல். இரண்டு மாத அறிவிப்பில் இரு தரப்பும் விலகலாம். இவ்வளவு போதும்.

அடுப்பு வளவுக்குள் வரக் கூடாது

இந்தப் பகுதியை அறங்காவலர்கள் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தாழ்ந்த இடத்தில் தேங்கும். நடுவில் பள்ளமாக முற்றம் வைத்துக் கட்டிய வீடு அதற்குக் கிண்ணம் போல. எண்ணெய்ப் புகை சுண்ணாம்புப் பூச்சில் படிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய அந்தப் பளபளப்பு ஒருமுறை போனால் திரும்பாது. இட்லி ஆவி தேக்கு உத்தரத்தில் குளிர்ந்து ஈரமாகி இறங்கும்.

ஆகவே பொரிப்பதும் கொதிப்பதும் பின்கட்டுக்கு வெளியே, கிணற்றடிப் பக்கம், தனிக் கொட்டகையில். 19 கிலோ சிலிண்டர் இரண்டு போதும், ஒன்று ஓட, ஒன்று மாற்றுக்கு. சாக்கடை வாய்க்கு அருகில் வைக்கக் கூடாது. மொத்த இருப்பு 100 கிலோவைத் தாண்டாதவரை வெடிபொருள் துறை உரிமம் தேவையில்லை. பாத்திரம் கழுவும் நீர், எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் பொறி வழியாகப் போகட்டும், முற்றத்துப் பழைய கல்வாய்க்காலில் விட வேண்டாம். வீட்டுக்குள் வருவது பரிமாறும் மேசையும் மின்சார பாய்லரும் மட்டும்.

பூச்சி விஷயம் இதைவிட நுட்பமானது. மிளகாய்த்தூளிலும் மல்லியிலும் மஞ்சளிலும் வருகிற சிகரெட் வண்டு, சமையல் பொருளோடு நிற்பதில்லை. அதே வண்டுதான் புத்தகத்தையும் ஓலையையும் துளைக்கிறது. கடையில் மசாலாத்தூள் விற்பதானால் காற்றுப் புகாத டப்பாவில் மட்டும், சுவடி அறையிலிருந்து எட்டவே. கொட்டான் (ஓலையில் முடைந்த கூடை), கோரைப்பாய் போன்றவை புதிதாக வந்தால் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, ஆழ்உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தபின் அலமாரிக்கு ஏற்றுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மூலைக்கொரு ஒட்டும் பொறி வைத்து மாதம் ஒருமுறை எண்ணிக் குறியுங்கள்.

அன்றாடப் பட்டியலில் ஆறு பண்டங்களுக்குமேல் வேண்டாம். பில்டர் காபி, டீ, நன்னாரி சர்பத், தேங்குழல், மாவுருண்டை, கந்தரப்பம். வார இறுதியில் கவுனி அரிசி. வெள்ளைப் பணியாரம் இல்லாமலா என்று கேட்பீர்கள். வையுங்கள், ஆனால் பேருந்துக்கு வேண்டாம். அது ஒவ்வொன்றாக ஊற்றி எடுப்பது. 40 பேருக்கு இரண்டிரண்டு என்றால் 80. ஒன்றுக்கு ஒரு நிமிடம் வைத்தாலும் ஒரு வாணலியில் 80 நிமிடம். முன்கூட்டிப் பொரித்து அடுக்கினால் தொய்ந்துவிடும். மாவு புளித்தால் எண்ணெய் குடிக்கும். எனவே பேருந்துக்கு ஆறினாலும் கெடாத பலகாரம், குடும்பங்களுக்குச் சூடான பணியாரமும் காரச் சட்னியும். வாஷிங்டனில் அமெரிக்கப் பழங்குடியினருக்கான தேசிய அருங்காட்சியகம் 2004-இல் திறந்தபோது, அதன் உணவகத்தில் பழங்குடியினரின் உணவுகளையே வட்டாரவாரியாக வைத்தார்கள். பட்டியலும் ஒரு காட்சிப்பொருள் என்ற எண்ணம்தான். அது உங்கள் ஆச்சிமார் கையில் ஏற்கெனவே இருக்கிறது, பாஸ்தா வேண்டியதில்லை.

இருக்கை 24 போதும், பின்பக்கத் தார்சாலில் (தாழ்வாரத்தில்) பெஞ்சு போட்டு. பேருந்து வந்தால் பாதிப் பேர் நின்றுகொண்டே காபி குடிப்பார்கள். திணறுவது இருக்கையில் அல்ல, டம்ளரில். 40 பேர் ஒன்றாக இறங்கும்போது முந்தைய பேருந்தின் டம்ளர்கள் கழுவுமிடத்தில் கிடக்கும். மூன்று சுற்றுக்கு 120 எவர்சில்வர் டம்ளர் வாங்கிவிடுங்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை இருப்பது உங்களுக்குத் தெரிந்ததே.

உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு அல்லது உரிம எண் 14 இலக்கம், அது பில்லில் இருக்க வேண்டும். சமைப்பவர், பரிமாறுபவர் எல்லோருக்கும் வருடாந்திர மருத்துவச் சான்று, கிணற்று நீருக்குப் பரிசோதனை. பொரித்த எண்ணெயில் புது எண்ணெயைக் கலந்துகொண்டே போகும் பழக்கம் வேண்டாம். சூடாக்கச் சூடாக்க அதில் சேரும் மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்துவது குற்றம்.

கடை

பேருந்தில் வரும் 9,000 பேரில் பத்தில் மூவர் 450 ரூபாய்க்கு வாங்கினால் 12.1 லட்சம். 4,000 குடும்பங்களில் அதே பங்கு 250 ரூபாய்க்கு வாங்கினால் 3 லட்சம். பிள்ளைகளில் மூவரில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர் 30 ரூபாய்க்கு வாங்கினால் 1.6 லட்சம். ஏறத்தாழ 16.7 லட்சம். மொத்த லாபம் 45 சதவீதம் என்றால் 7.5 லட்சம். ஆள் செலவு 2.2, சேதாரமும் அட்டைக் கட்டணமும் அரை லட்சம் போக 4.8 லட்சம் நிற்கும். காபி மேசையின் 1.9-ஐயும் சேர்த்தால் 6.7 லட்சம். 9 வருடத்துக்கு வீட்டைக் கட்டிப்போடாமல், குத்தகைத் தொகைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டோம். 9 லட்சப் பற்றாக்குறையில் மீதி 2.3 லட்சத்துக்குப் பேருந்து டிக்கெட்டை 250-இலிருந்து 280 ஆக்கினாலே 2.7 லட்சம் வரும். டூர் ஆபரேட்டர்களுக்கு அடுத்த பருவத்துக்கான விலையை ஆறு மாதம் முன்னால் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இடம் முகப்பை ஒட்டிய அறை. டிக்கெட் கொடுப்பவரே கூட்டமில்லாத நாளில் கடையையும் பார்க்கலாம். பின்வாசலில் வைத்தால் இன்னொரு ஆளும் இன்னொரு காவலும் வேண்டும். 200 சதுர அடி தாராளம்.

சரக்கில் போடும் மூலதனம் 2.3 லட்சம் போதும், அதை வருடத்தில் நான்கு முறை புரட்ட வேண்டும். பலரும் விழும் குழி இங்கேதான். பெயர் அச்சிட்ட பீங்கான் கோப்பை 500-க்குக் குறைந்து செய்து தர மாட்டோம் என்பார்கள். ஒன்று 110 ரூபாய் என்றால் 55,000. உங்கள் மூலதனத்தில் கால்வாசி ஒரே அலமாரியில் தூங்கும். விமானத்தில் போகிறவர் கோப்பை வாங்கவும் தயங்குவார். எடை குறைவாக, உடையாததாக, இந்த வீட்டைவிட்டால் வேறெங்கும் கிடைக்காததாகப் பாருங்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கொட்டான், 2019-இல் பெற்ற கண்டாங்கி நெசவில் பை, கைக்குட்டை. ஆத்தங்குடிக் கல் முழு அளவில் வேண்டாம், நாலங்குலத் துண்டாக, டம்ளர் வைக்க. கொட்டான் முடையும் பெண்களிடம் ‘விற்றபின் பணம்’ என்று வாங்காதீர்கள். கையில் காசு கொடுத்தால் விலையும் குறையும், தரமில்லாததைத் திருப்பிக் கொடுக்கும் தைரியமும் உங்களுக்கு வரும்.

பள்ளிப் பேருந்து நின்றால் கடைக்குக் கிடைப்பது பத்து நிமிடம். சில்லறை எண்ணவே அது போய்விடும். 30 ரூபாய்க்குப் பென்சில், வீட்டின் வரைபடம், ஒரு மாவுருண்டை என்று பொட்டலம் கட்டி, ஆசிரியரிடம் முதல்நாளே எண்ணிக்கை கேட்டுவிடுங்கள். பொட்டலத்தில் எடை, தேதி, விலை, முகவரி, உணவுப் பதிவு எண் அச்சாகியிருக்க வேண்டும்.

வரியும் பத்திரமும்

‘விற்பனை 20 லட்சத்துக்குள், ஜிஎஸ்டி வேண்டாம்’ என்பது தவறு. அருங்காட்சியக நுழைவுக் கட்டணத்துக்கு வரிவிலக்கு உண்டு. இதுவரை அது மட்டுமே இருந்ததால் நீங்கள் பதிவு செய்யவில்லை, அது சரி. ஆனால் வரம்பைக் கணக்கிடும்போது விலக்குள்ள வருமானமும் சேரும். உங்கள் டிக்கெட் வருமானமே 41 லட்சம். வரிக்குட்பட்ட முதல் காபியை விற்கும் நாளில் பதிவு கட்டாயமாகிவிடுகிறது. டிக்கெட்டையும் காபியையும் ஒரே விலையில் கட்டிவிற்கவும் வேண்டாம். விலக்குள்ள டிக்கெட்டையும் வரிக்குள் இழுத்துவிடும். பில்லில் இரண்டையும் தனித்தனி உருப்படிகளாகப் பிரித்துக் காட்டுங்கள்.

வருமான வரியில் ஒரு கத்தி தொங்குகிறது. அறக்கட்டளைப் பத்திரத்தை எடுத்து நோக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘பொதுப் பயன்பாடு’ என்று பொதுப்படையாக இருந்தால், வணிக வருமானம் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கடையும் காபியும் சேர்ந்து 29 லட்சம், மொத்தம் 70 லட்சத்தில் 40 சதவீதத்துக்குமேல் ஆகிறது. ‘கலை, வரலாற்று மதிப்புள்ள இடங்களையும் பொருள்களையும் பாதுகாத்தல்’ என்பது சட்டத்தில் தனித் தலைப்பு, அதற்கு இந்த 20 சதவீத வரம்பு இல்லை. எப்படியானாலும் வணிகத்துக்குத் தனிக் கணக்குப் புத்தகம் வேண்டும். கடை திறக்கும் முன் பட்டயக் கணக்காளரிடம் பத்திரத்தோடு போய் உட்காருங்கள்.

பரணில் இருப்பவை

இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடம் பழைய கலைப்பொருளும், 75 வருடம் பழைய மதிப்புள்ள சுவடிகளும் தொல்பொருள்கள். அவற்றை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடை. உங்கள் பேருந்துப் பயணி வாங்கிய தூக்குச்சட்டியோடு விமான நிலையத்தில் மாட்டினால் பில் உங்கள் பெயரில் இருக்கும். எந்தப் பாத்திரம் 95 வருடம், எது 105 என்று பரணில் யார் சொல்ல முடியும்? சட்டம் ஒருபுறம் இருக்க, காட்சிக்கு வைத்த அதே வகைப் பொருளைக் கடையிலும் விற்கும் அருங்காட்சியகத்துக்கு யாரும் இனி எதையும் நன்கொடையாகத் தர மாட்டார்கள்.

படங்களை விற்க வேண்டாம், படங்களின் நகலை விற்கலாம். ரவிவர்மா 1906-இல் காலமானார், பதிப்புரிமை எப்போதோ தீர்ந்துவிட்டது. ஜரிகையும் துணியும் ஒட்டி அலங்கரித்த படம் உங்களிடம் இருந்தால் அது இன்னும் நல்லது, அப்படி ஒன்று வேறு எந்தக் கடையிலும் இருக்காது. அஞ்சலட்டை, சிறு சட்டமிட்ட படம் இரண்டும் போதும். ஆனால் அதே சுவரில் இருக்கும் பிற்காலக் காலண்டர் படங்களைத் தொடாதீர்கள். ஓவியர் இறந்து 60 வருடம் வரை உரிமை உண்டு. காலண்டர் ஓவியர் கொண்டையராஜு 1976-இல் மறைந்தார் என்பதால் அவருடைய படங்களுக்கு 2036 முடியும்வரை அனுமதி தேவை. படமெடுக்க வரும் புகைப்படக்காரரிடமும், உரிமை அறக்கட்டளைக்கே என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஒத்திகை பாருங்கள். பதிவுகள் முடிந்ததும் ஒரு மேசை, ஒரு பாய்லர், நான்கு பண்டம், முகப்பறையில் 40,000 ரூபாய்ச் சரக்கு. கொட்டகையும் பெஞ்சும் மார்ச்சில் எண்களைப் பார்த்தபின். வெயில் மாதங்களில் வெள்ளி முதல் ஞாயிறு வரை மட்டும் காபி மேசை போதும், கடை எல்லா நாளும். ஹோட்டல்காரர்களுக்கு இப்போதே ‘முடியாது’ என்று எழுத வேண்டியதில்லை. ‘பார்வையாளர் விற்பனை வேறு, வெளி நிகழ்ச்சி விற்பனை வேறு என்று பிரித்து, எதிர்பார்க்கும் விற்றுமுதலை எழுத்தில் தாருங்கள்’ என்று கேளுங்கள். வரும் பதிலில் ‘நிகழ்ச்சி’ என்ற வரியில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் அறங்காவலர் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.